துணி காயாத ஊர்

2024 தீபாவளிக்குக் குன்னூரில் அத்தை வீட்டில் நான்கு நாள் தங்கினேன். வியாழன் தீபாவளி, வெள்ளி அரசு விடுமுறை, அப்புறம் சனி, ஞாயிறு. சைலன்ட் ஹில் 2 என்கிற திகில் வீடியோ கேமின் புதுப்பதிப்பு அந்த அக்டோபர் 8ஆம் தேதிதான் வந்திருந்தது. முக்கால்வாசி முடித்திருந்தேன். நான்கு நாள் அதை விட்டுவைக்க மனம் வரவில்லை, லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி அதன் கடைசிப் பகுதியை ஆடிக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் என்னை உலுக்கிவிட்டன. கல்லூரிக் காலத்திலிருந்து ஜேம்ஸ் என்கிற அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்தது அன்றைக்கு ஆட்டம் கண்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அது எனக்குள் ஒரு நிலைக்கு வரவில்லை.

இந்த கேமை ஆடிய எல்லோரிடமும் ஒரு ஹெட்கேனன் இருக்கும். கதை சொல்லாமல் விட்ட இடத்தில் நாமே ஒன்றை வைத்து, அதுதான் நடந்தது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொள்வது. பல கேம்களில் இது வெறும் பொழுதுபோக்கு. இந்த கேமில் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் கதையே நகராது. ஜேம்ஸின் மனைவி மேரிக்கு என்ன நோய் என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று ஜேம்ஸ் சைலன்ட் ஹில் என்கிற ஊருக்குள் நுழைகிறான். கடைசியில் ஹோட்டலின் 312ஆம் அறையில் வீடியோ டேப்பைப் போட்டுப் பார்க்கும்போதுதான், படுக்கையில் கிடந்தவளைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் அவனே என்று தெரிகிறது. அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்தானா, தன் வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று செய்தானா? 2001இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து ரசிகர்கள் இதில்தான் மல்லுக்கு நிற்கிறார்கள்.

கேமும் ஒரு பக்கம் சாயாது. முடிவுகள் பல உண்டு. எது வரும் என்பதை, ஆடும் நம்மைக் கவனித்தே கேம் தீர்மானிக்கிறது. மேரியின் படத்தையும் கடிதத்தையும் அடிக்கடி எடுத்துப் பார்த்து, அடிபட்டவுடன் மருந்து போட்டுக்கொண்டு ஆடினால், ஜேம்ஸ் ஊரை விட்டு வெளியேறுகிறான். மேரியின் சாயலில் வரும் மரியாவை ஒட்டியே நடந்தால் வேறு முடிவு. காயத்தோடேயே திரிந்து, அந்த ஊரில் சந்திக்கும் ஏஞ்சலா என்கிற பெண் கொடுத்த கத்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால், அவன் காரோடு ஏரிக்குள் போய்விடுகிறான். இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது உடம்பு சிலிர்த்தது. எந்தத் தாளை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூட்டம்

இந்த கேமின் பனிமூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. 1999இல் வந்த முதல் கேமில், தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்ட அந்தக் காலத்து பிளேஸ்டேஷனுக்கு வலு போதாமல், அந்தக் குறையை மறைக்க மூட்டத்தைப் போட்டார்கள். அப்புறம் அதுவே ஊரின் முகமாகிவிட்டது. என் விடுதி நண்பர்கள் அந்த வெள்ளையைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை குன்னூரில் வளர்ந்தவன். பர்லியார் பக்கமிருந்து மதியத்துக்கு மேல் மேகம் ஏறி வந்தால், பெட்போர்டு சரிவில் முன்னால் போகிற பையனின் புத்தகப்பை மட்டும்தான் தெரியும், கால் தெரியாது. நாங்கள் அதற்குள்தான் ஒளிந்து விளையாடினோம். மிஸ்ட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் லாராவை எனக்கு உடனே புரிந்தது. எட்டு வயதுப் பெண், அந்த ஊரில் தன்னந்தனியாகச் சுற்றுகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் சாவிக்காக ஜேம்ஸ் கை நீட்டினால், அதைக் காலால் தட்டிவிட்டு ஓடுகிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதெப்படி என்று அவன் கேட்டால், ஏன் இருக்கணும் என்கிற மாதிரி திருப்பிக் கேட்கிறாள். அவள் கண்ணுக்கு அரக்கர்களே இல்லை, அவளுக்கு அது சாதாரண ஊர் என்பது ரசிகர்களிடையே கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துக்கொண்ட வாசிப்பு. எனக்கும் அதுதான். ஏஞ்சலாவுக்கு அதே ஊர் நெருப்பு. தீப்பிடித்து எரியும் படிக்கட்டில் நின்றுகொண்டு, இது உனக்கும் தெரிகிறதா, எனக்கு எப்போதுமே இப்படித்தான் என்கிறாள். அந்த இடத்தை நான் இதுவரை ஆறேழு முறை கடந்திருப்பேன். ஒருமுறைகூட உடனே நடக்க முடிந்ததில்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள் டிவியில் கேமை ஓட விட்டபோது அத்தை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். தெரு, மூட்டம், ஆள் அரவமில்லாத கடைகள். "என்ன கண்ணு, நம்மூரு மாதிரியே இருக்குது," என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படியே இருந்தா இவங்களுக்குத் துணி எப்படிக் காயும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சிரித்துவிட்டேன். அதை நான் இந்த இரண்டு கேள்விகளில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்று பின்னால் தோன்றியது.

நான் வைத்திருந்த ஜேம்ஸ்

என் ஹெட்கேனன் இதுதான்: மேரி கேட்டாள், அவன் செய்தான். வாயால் கேட்டிருக்க வேண்டியதுகூட இல்லை, இருவருக்கும் தெரிந்திருந்தது. இதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நீளமான நடைபாதை வரும். அதில் அரக்கன் இல்லை, சண்டை இல்லை, நடக்க மட்டும்தான் வேண்டும். நடக்க நடக்க மேரியின் குரல் கேட்கும். ஜேம்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பூ வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவள் கத்துகிறாள். பூவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நானே அரக்கி மாதிரி இருக்கிறேன், போ இங்கிருந்து, இன்றைக்கோ நாளைக்கோ சாகத்தான் போகிறேன், என்னைக் கொன்றுவிட்டால்கூடத் தேவலை என்கிறாள். இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் விடுதியில் எத்தனையோ ராத்திரி வாதாடினேன். ஜேம்ஸ் தன் வாயாலேயே, உன்னை வெறுத்தேன், எனக்கு என் வாழ்க்கை வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொள்கிறானே என்பார்கள். அது குற்ற உணர்வு பேசுகிற பேச்சு என்பேன். அதைக் கேட்ட மேரியே, அப்படியானால் நீ ஏன் இவ்வளவு துக்கமாக இருக்கிறாய் என்றுதானே கேட்கிறாள் என்பேன். நன்றாகத்தான் வாதாடினேன். ஒருத்தனும் என்னை அசைக்கவில்லை.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். 2015 ஆடி மாதம் ஒருநாள் விடியற்காலை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறியது. அதன் பிறகு இரண்டரை வருடம் படுக்கையில்தான். அத்தை மகள் திருப்பூரில், கையில் பச்சைக் குழந்தை. பார்த்துக்கொண்டது அத்தை ஒருவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரிக்கும் அதே கணக்குத்தான், அலாரம் வைத்து எழுந்திருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மிஸ்ட் இறங்கினால் பத்து நாள் வெயில் தலை காட்டாது. நாளைக்கு மூன்று, நான்கு விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும், ஒன்றுகூடக் காயாது. பிள்ளை பெற்ற வீட்டில் செய்வது போல, கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் விரிப்பை மடிப்பு மடிப்பாகத் திருப்பிப்போட்டு உலர்த்துவார். நீலப்பூப் போட்ட விரிப்பு ஒன்றின் ஓரத்தில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பழுப்பாய்த் தீய்ந்த தடம் இருக்கும். உலர்த்திக்கொண்டிருக்கும்போதே கண் அசந்துவிட்டாராம்.

நான் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. மாமா கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

சனிக்கிழமை ராத்திரி

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே மழை. ஒன்பதரை மணி வாக்கில் நான் அந்த நடைபாதைக்கு வந்தேன். அத்தை சாப்பாட்டுக் கடையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து முறுக்கு உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிவி அணைந்தது. லேப்டாப் மட்டும் ஓடியது, மேரியின் குரல் அதன் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வர ஆரம்பித்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம். நான் லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன்.

"யாரு கண்ணு அழுகறது?"

"இவனோட பொண்டாட்டி அத்தை. ஆஸ்பத்திரியில இருக்கறா. பூ வாங்கிட்டுப் போயிருக்கான். வேண்டாங்கறா."

"ஏனாம்?"

"பாக்கவே சகிக்காம இருக்கேன், எனக்கெதுக்குப் பூவுங்கறா. போயிடு, வராதேங்கறா. கொன்னுட்டாக்கூடத் தேவலைங்கறா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அத்தை."

"இல்லியே. இன்னும் பேசறாளே."

பேசிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அந்த வரிகள் தெரியாமல் இல்லை, எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் விடுதியில் வாதாடிய அத்தனை ராத்திரியிலும் நான் முதல் பாதியோடு நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நடப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரு, போகாதே. கூடவே இரு. தனியா விட்டுட்டுப் போகாதே. நான் சொன்னதை மனசார சொல்லலை. எனக்குச் சரியாயிடும்னு சொல்லு. நான் சாகமாட்டேன்னு சொல்லு.

அத்தை முறுக்கைக் கீழே வைத்தார். "மாமனும் அப்படித்தான்," என்றார். "பகல்ல, மருந்தைக் குடுத்துக் கொன்னு போடுடின்னு கத்துவாரு. கஞ்சியத் தட்டி விடுவாரு. ராத்திரி நான் எந்திரிச்சா முந்தானையைப் புடிச்சுக்குவாரு. நல்லா இருந்த கை அது ஒண்ணுதானே. விரலைப் பிரிக்கவே முடியாது."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. திரையில் ஜேம்ஸ் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அத்தை அவனையே பார்த்துக்கொண்டு கேட்டார், "இவனுக்கு மாத்திவிட ஆள் இல்லியா?"

ஆஸ்பத்திரியில் கிடந்து பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். ராத்திரி நோயாளிக்குத் துணையாகப் படுத்தவரைக் காலையில் அனுப்பிவிட்டு அந்த முக்காலியில் உட்கார வருகிறவர். ஜேம்ஸைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அவன் தலையில் இருக்கும் தண்டனைதான் பிரமிட் ஹெட் என்கிற அரக்கன், மேரியின் உடல் காரிலேயே இருக்கிறது என்றெல்லாம் எத்தனையோ தியரி. டிவி முன்னால் நாற்காலியில் செத்துக் கிடக்கிறவன் ஜேம்ஸ் மாதிரியே இருக்கிறான் என்பதிலிருந்து கிளம்பிய, அவன் இதையே திரும்பத் திரும்ப வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்கிற லூப் தியரி ஒன்று. புதுப்பதிப்பில் சிதறிக் கிடக்கும் புகைப்படங்களில் உள்ள பொருள்களை எண்ணி எழுத்துக்கூட்டினால், இரண்டு பத்தாண்டுகளாக நீ இங்கேதான் இருக்கிறாய் என்று வருகிறது என்று அதற்கு ரசிகர்கள் வலுவும் சேர்த்துவிட்டார்கள். உழைத்துக் கண்டுபிடித்ததுதான், மதிக்கிறேன். ஆனால் அது எனக்கு ஒட்டவில்லை. விடை கிடைத்துவிட்ட புதிராகிவிட்டால் மேரியின் கட்டில் அங்கிருந்து மறைந்துபோகிறது. அத்தை கேட்ட கேள்வியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மாற்றிவிட ஆள் இருந்திருக்கிறார் என்பதுதான் விஷயம். 2004இல் வந்த நான்காவது கேமில் ஃபிராங்க் சன்டர்லேண்ட் என்றொரு முதியவர் வருவார், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொறுப்பாளர். தன் மகனும் மருமகளும் சைலன்ட் ஹில்லில் காணாமல் போய்விட்டதாகச் சொல்வார். அவர்தான் ஜேம்ஸின் அப்பா. அவன் ஏரிக்குள் போனதற்கு அத்தாட்சியாகத்தான் எல்லோரும் அவரை இழுப்பார்கள், நானும் இழுத்திருக்கிறேன். அவள் நோயில் கிடந்தபோது அந்தப் பெரியவர் எங்கே இருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"இல்லை அத்தை. அப்பா ஒருத்தர் இருக்காரு. வந்த மாதிரி காட்டலை."

"அப்ப கஷ்டந்தான்," என்றார். அவனை நல்லவன் என்றும் சொல்லவில்லை, பாவி என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தார். மாமா விழுந்து இரண்டாம் வருடம், ஒரு கார்த்திகை மாதம். பன்னிரண்டு நாளாக மிஸ்ட், வீடு முழுக்கக் கரிப்புகையும் ஈரத்துணி வாடையும். பக்கத்து வீட்டு அக்காவிடம், மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ் நின்றிருந்தது. ஏறிவிட்டார். பர்லியார் தாண்டினதும் கண்ணாடியில் வெயில் அடித்ததாம். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, டீகூடக் குடிக்கவில்லை, பஸ் ஸ்டாண்ட் ஓரமாக வெயிலில் நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம் இருக்கும் என்றார். ஊட்டி பஸ் ஒன்று போனது, ஏறவில்லை. இன்னொன்று போனது, ஏறவில்லை. "திரும்பிப் போவேனான்னு எனக்கே தெரியலை கண்ணு. முதுகு சுட்டுச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு." மூன்றாவது பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. முந்தானையைப் பிடித்து முகத்தருகே இழுத்து மோந்து பார்த்தாராம். "வெயில் வாசம் அடிச்சிருக்கும்," என்றார் அத்தை.

இதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். நான் லேப்டாப்பை மூடியிருந்தேனா இல்லையா என்று நினைவில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்கு மாமாவின் கட்டில் அருகே உட்கார என்னால் முடியாமல் இல்லை. ஒருநாள் லீவு போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலரை பஸ்ஸைக் காலை பஸ்ஸாக மாற்றியிருந்தால், அத்தைக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது கிடைத்திருக்கும். மேரி கேட்டாள், அவன் செய்தான் என்கிற கதையை 2006இலிருந்தே வைத்திருந்தேன் என்றாலும், மாமா கிடந்த அந்த இரண்டரை வருடத்தில்தான் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் மேரி பாதியில் பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். பூவை வைத்துவிட்டு நாலரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறவனுக்கு அது வசதி.

இப்போது என்னிடம் ஜேம்ஸைப் பற்றி முழுசாக ஒரு ஹெட்கேனன் இல்லை. அவன் அவளை நேசித்தான், வெறுக்கவும் செய்தான், தூங்காமல் இருந்தான், யாரும் வரவில்லை. தலையணையை அழுத்தியது அவன் கைதான், அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. மேரி கடைசியில் போகாதே என்றுதான் சொன்னாள், அதை நான் கேட்கவில்லை. ரசிகர்களோடு இப்போது பேசும்போது, எந்தத் தியரியாக இருந்தாலும் அந்த நடைபாதையின் இரண்டாம் பாதியை அது எங்கே வைக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் திரும்பி ராத்திரியே கேமை முடித்தேன். எனக்கு வந்தது ஏரி முடிவு. மருந்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காயத்தோடேயே ஆடுகிற பழக்கம் எனக்கு, கத்தியையும் நிறைய முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன் போல. கார் கிளம்பும் சத்தம் கேட்டது, அப்புறம் மேரியின் கடிதம். பாதி வரைதான் உட்கார முடிந்தது.

ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தார். மழை, கரண்ட், பக்கத்து வீட்டு அக்காவின் மூட்டு வலி எல்லாம் பேசிவிட்டு, "அந்தப் படத்துல ஒரு பாப்பா தனியா சுத்திட்டு இருந்துச்சே, அதை யாரு கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டார்.

"அவனே கூட்டிட்டுப் போயிட்டான் அத்தை. ரெண்டு பேரும் ஊரை விட்டு நடந்து போற மாதிரி முடிச்சிருக்காங்க," என்றேன். அப்படியும் ஒரு முடிவு அந்த கேமில் இருக்கிறது.

"அப்ப சரி," என்றார். "அங்க வெயிலா கண்ணு?"

வெயில்தான் என்றேன். அடுத்த சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.